சூரியக் குடும்பத்தின் முதல் கல்லுக்கு வயது கணிப்பது எப்படி?

குமரி மாவட்டம் கொட்டாரத்துப் பிள்ளைகள் இந்தப் பாடத்தை மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தொடங்கலாம். அங்குள்ள மணலில் கலந்திருக்கும் மோனசைட்டில் தோரியமும் கொஞ்சம் யுரேனியமும் உண்டு. இரண்டும் சிதைந்து கடைசியில் காரீயமாகின்றன. இப்படிச் சேர்ந்த காரீயத்தை அளந்துதான், நாகர்கோவில் வட்டாரப் பாறைகள் பூமிக்குள் வெந்து உருமாறிச் சுமார் 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று கணித்தார்கள். விண்கல்லுக்கும் இதே கணக்குதான்.

முதலில் கல்லைத் தேர்ந்தெடுங்கள். பாதி வெற்றி இதில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் 2008 செப்டம்பர் 12 அன்று ஒரு பெரிய விண்கல் விழுந்தது. நமக்குப் பெருமைதான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. தன் தாய்க்கோளிலேயே நன்றாகச் சூடுபட்ட இனம் அது. அதிகம் சூடுபடாத கார்பன் வகைக் கல் வேண்டும். 1969 பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவில் விழுந்த அயெந்தே, கசகஸ்தானில் கிடைத்த எஃப்ரெமோவ்கா ஆகியவை அப்படிப்பட்டவை.

அறுத்த முகத்தில் வெள்ளைத் திட்டுகளைத் தேடுங்கள். கால்சியமும் அலுமினியமும் மிகுந்த இவைதான், சூரியனைச் சுற்றியிருந்த சூடான வாயு ஆறியபோது முதலில் திடமானவை. பெரும்பாலும் மில்லிமீட்டர், மிஞ்சினால் சில சென்டிமீட்டர் அளவு. நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்தெடுத்துத் தூளாக்குங்கள்.

அடுத்தது கழுவுவது. பலரும் கருவியின் விலையைப் பேசுவார்கள்; என்னைக் கேட்டால், முடிவின் தரம் இந்தக் கழுவலில்தான் நிற்கிறது. காற்றிலும் தூசியிலும் கையிலும் காரீயம் இருக்கிறது. 1956இல் பூமிக்கு 455 கோடி ஆண்டு வயது என்று அறிவித்த கிளேர் பேட்டர்சன், இந்த மாசோடு மல்லாடியே தூய ஆய்வகம் கட்டினார். பின்னாளில் காரீயம் கலந்த பெட்ரோலையும் எதிர்த்தார். தூளை மென்அமிலத்தில் தொடங்கி வீரிய அமிலம் வரை பலமுறை கழுவுங்கள். அரிசி களைந்த முதல் தண்ணீர்போல, முதல் கழுவல்களில் பூமியின் அழுக்கு போய்விடும்.

மிஞ்சியதைப் பல பங்குகளாகக் கரைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று காரீயங்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளவிடுங்கள். யுரேனியம்-238 காரீயம்-206 ஆகிறது. அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235 காரீயம்-207 ஆகிறது. அரை ஆயுள் 70 கோடி ஆண்டு. காரீயம்-204 எந்தச் சிதைவிலும் பிறப்பதில்லை. கிடையச்சில் 204/206, நெட்டச்சில் 207/206 என்று புள்ளிகளை வையுங்கள். அவை ஒரே கோட்டில் விழவேண்டும். விழாவிட்டால் மறுபடி கழுவத் தொடங்குங்கள். 204 சுழியாகும் இடத்தில் கோடு நெட்டச்சைச் சுமார் 0.625இல் தொட்டால், வயது ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டு.

யுரேனியம் 238/235 விகிதத்தைப் பழைய புத்தகங்களில் உள்ளபடி 137.88 என்று போட்டுவிடாதீர்கள். அயெந்தேயின் திட்டுகளில் அது மாறுபடுவதாக 2010இல் தெரியவந்தது. கணக்கு 50 லட்சம் ஆண்டு வரை பிசகலாம். அதையும் அளந்து, எஃப்ரெமோவ்கா திட்டுகளுக்கு 2012இல் வெளியிட்ட வயது 456.73 கோடி ஆண்டு, பிழை 1.6 லட்சம் ஆண்டுதான்.

சரிபார்க்க அலுமினியம்-26 உதவும். சுமார் 7 லட்சம் ஆண்டு அரை ஆயுள் கொண்ட அது அன்றே தீர்ந்துபோனது. மிச்சம் மெக்னீசியம்-26 மிகுதி. ராஜஸ்தானின் பிப்லியா கலான் விண்கல்லில் அந்தத் தடயத்தை 1999இல் காட்டியது அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஜே.என். கோஸ்வாமி குழு.

நம் பக்கத்தில் கறுப்புக் கல் கிடைத்தால் காந்தத்தை மட்டும் நம்பவேண்டாம். வலுவான காந்தத்தில் நம் கருமணலும் ஒட்டும். விழுந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் நேரத்தையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லைக் கழுவாமல், வெறுங்கையால் தொடாமல், சுத்தமான பையில் இட்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.