எங்கள் ஊர் எங்களுக்கு இருக்குமா?

கேள்வி: ஐயா, நான் எண்ணூர் தாழங்குப்பத்தைச் சேர்ந்தவன். வயது 26. தாத்தாவும் அப்பாவும் ஆற்றிலும் கடலிலும் தொழில் செய்தவர்கள். இப்போது ஆற்றில் வலை போட்டால் டீசல் காசுகூடத் தேறுவதில்லை என்று அப்பா கரையேறிவிட்டார். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தேன். சுற்றிலும் அனல்மின் நிலையம், துறைமுகம், தொழிற்சாலை. ஆனால் எந்த கேட்டில் போய் நின்றாலும் ‘ஆள் எடுத்தாச்சு’ என்கிறார்கள். காலையில் உள்ளே போகிற வண்டிகளில் பீகார், ஒடிசா, அசாம் ஆட்கள்தான் இருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பூர்வகுடிகள் இப்படித்தான் சொந்த மண்ணில் சிறுபான்மை ஆனார்கள், அமெரிக்காவில் நடந்தது இங்கேயும் நடக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இதைச் சொன்னால் பர்மா நகரில் இருக்கும் என் நண்பன் கோபப்படுகிறான். ‘எங்க தாத்தாவையும் இதே பேச்சைப் பேசித்தான் அங்கிருந்து விரட்டினாங்க’ என்கிறான். எங்களில் யார் சொல்வது சரி?

— வாசகர், எண்ணூர்

பதில்: தம்பி, உங்கள் பயத்தை யாராவது ‘வெறுப்பு’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கினால் அதை ஏற்காதீர்கள். உங்கள் குப்பம் இழந்திருக்கிறது, நிறையவே இழந்திருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுதான் உங்கள் நண்பரின் கோபத்துக்கு வர முடியும்.

இழப்பு எப்போது தொடங்கியது என்று பாருங்கள். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவாக அகன்றது. மணல் வராத வடக்கில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டிக் கடல் கரையைத் தின்றது. வீடும் வலை உலர்த்தும் இடமும் போன குப்பங்கள் எத்தனை என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். பிறகு 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். மின் நிலையக் குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் இறங்கிய சாம்பல் ஆற்றின் ஆழத்தையே மேடாக்கியது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் உங்கள் படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் அப்பியது. உங்கள் அப்பாவைக் கரையேற்றியவை இவைதான். இவற்றில் ஒன்றைக்கூட பீகாரிலிருந்து ரயிலேறி வந்த கூலிக்காரர் செய்யவில்லை. ஆனால் கேட்டில் நின்றால் உங்கள் கண்ணில் படுகிறவர் அவர் ஒருவர்தான்.

இனி உங்கள் நண்பரின் தாத்தா கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நெருக்கமான வரலாறு எனக்குத் தெரிந்து வேறில்லை.

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்து, ஐராவதி முகத்துவாரக் காடுகளை நெல் வயலாக்கினார்கள். அறுக்கவும் சுமக்கவும் ஆள் வேண்டும். சென்னைத் துறைமுகத்திலும் ஆந்திரக் கரையிலும் கப்பல் மேல்தளத்தில் ஏற்றி ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் நாலு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தங்கள் தலைநகரிலேயே பர்மியர் சிறுபான்மை. உங்கள் வீடியோ சொன்னது அங்கே நடந்தது, தம்பி. மறுக்க வழியில்லை.

அதோடு நிலமும் போனது. பர்மிய உழவருக்குக் கடன் கொடுத்தவர்கள் நம் செட்டிநாட்டு வட்டிக்கடைக்காரர்கள். 1930இல் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1930களின் முடிவில் 25 சதவீதம். நிலம் இழந்த உழவருக்கு அந்த நெல்லை லண்டனில் விலை பேசியவர் முகம் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த தமிழரின் முகம்தான் தெரியும்.

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் நடந்ததை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கூலி உயர்வு கேட்டுத் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பர்மியரைக் கூட்டிவந்து வேலை நடத்தினார்கள். பிறகு தெலுங்கர்களோடு சமரசம் ஆனதும், அன்று காலையே பர்மியரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கேலியும் கைகலப்புமாகத் தொடங்கி ஊர் பற்றிக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியக் கூலிகள். இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது ஒரே கூலிக்காக. அந்தக் கூலியைக் குறைத்து வைத்திருந்தவர்கள் அன்று தெருவில் இறங்கவே இல்லை. 1938இல் மீண்டும் கலவரம். 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் காட்டு வழியே நடந்தார்கள். வழியில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. தப்பியும் தங்கியும் இருந்தவர்களின் கடைகளை 1964இல் நே வின்னின் ராணுவ அரசு தேசியமயமாக்கியது. அப்போது கப்பல்களில் வந்திறங்கியவர்களுக்குத்தான் வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் எண்ணூரிலும் மனை ஒதுக்கினார்கள். உங்கள் நண்பரின் தாத்தா ஏறக்குறைய இப்படித்தான் இங்கே வந்திருப்பார்.

இதில் யார் சொல்வது சரி? பர்மிய உழவரின் இழப்பு உண்மை. உங்கள் நண்பரின் தாத்தாவுக்கு நடந்த அநியாயமும் உண்மை. அவர் எவர் நிலத்தையும் பிடுங்கியவர் அல்ல; ஒரு பெட்டிக் கடையோ தையல் மெஷினோ வைத்திருந்திருப்பார். இந்தியரை விரட்டிய பின் பர்மிய உழவர் என்ன பெற்றார்? நிலம் அரசுடைமை ஆனது. விளைந்த நெல்லை அரசு சொன்ன விலைக்கு அரசுக்கே கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. விரட்டல் முடிந்தது, வறுமை முடியவில்லை.

எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். திரிபுராவைப் பாருங்கள், நம் நாட்டிலேயே. விடுதலைக்கு முன் அங்கே மக்களில் பாதிப்பேர் பழங்குடியினர். பிரிவினையாலும் அதன் பின்வந்த கலவரங்களாலும் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வங்காளி அகதிகள் வந்து குவிந்தார்கள். 1981இல் பழங்குடியினர் 28 சதவீதம். ஆட்சி, சமவெளி நிலம் எல்லாம் கைவிட்டுப் போயின. 1980இல் ரத்தம் சிந்தியது. வந்தவர்களும் வீடு வாசல் இழந்தவர்கள்தான். அதற்காக இருந்தவர்களின் இழப்பு இல்லாமல் போய்விடாது. அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நடந்ததோ இதையும் மிஞ்சியது. அங்கே வந்தவன் துப்பாக்கி, நிலப் பட்டா, தனக்கென ஓர் அரசு மூன்றையும் கையோடு கொண்டுவந்தான். அவனோடு வந்த நோய் மிச்சத்தை முடித்தது.

ஆகவே கூட்டத்தை எண்ணுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். நிலம் யார் பேருக்குப் போகிறது? வாக்கும் அதிகாரமும் யாரிடம் சேருகின்றன? வந்தவரை அழைத்துவந்து லாபம் பார்ப்பவர் யார்? அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்திருக்கும் அசாம் பையனை வைத்து இவற்றுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். அவனுக்கு இங்கே நிலம் இல்லை, பெரும்பாலும் வாக்கும் இல்லை. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டப்பட்டுவரும் அனல்மின் நிலையத்தில் இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். எல்லோரும் வெளிமாநிலத்தில் இருந்து வந்தவர்கள். உங்கள் ஊரின் அதிகாரத்தைக் கைப்பற்ற வந்தவர்கள் சாகும் இடமா அது?

சரி, அப்படியானால் உங்களை ஏன் எடுக்கவில்லை? மேஸ்திரிகள் ‘உள்ளூர்ப் பசங்க வேலை செய்ய மாட்டாங்க’ என்பார்கள். அதில் பாதி பொய். அந்தக் கூலிக்கு, அந்த நேரத்துக்கு நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்பதுதான் அதன் பொருள். கொட்டகையில் தங்கியிருப்பவரை விடியற்காலையிலும் கூப்பிடலாம், நடுராத்திரியிலும் கூப்பிடலாம். துக்க வீட்டுக்கும் திருவிழாவுக்கும் லீவு கேட்க மாட்டார். கூலி பாக்கி வைத்தால் கேட்க அவருக்கு இங்கே மாமன் மச்சான் இல்லை, கவுன்சிலர் இல்லை. உங்களுக்கு இவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரருக்கு உங்களைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் அதுதான். அதனால் வெளிமாநிலத் தொழிலாளிக்குச் சட்டப்படி முழுக் கூலி, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி, ஒழுங்கான தங்குமிடம் என்று எவ்வளவு கறாராகக் கிடைக்கிறதோ, அவ்வளவுக்கு அவரைக் கொண்டுவருவதில் இருக்கும் லாபம் குறையும். அவ்வளவுக்கு உங்களுக்கு கேட் திறக்கும். 1979இல் வந்த மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது. இப்போது அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. நடைமுறையில் அன்றும் இன்றும் அதைப் பிடிவாதமாகக் கேட்டவர்கள் குறைவு.

நம் பிள்ளைகளும் வெளியே இதே நிலையில்தான் நிற்கிறார்கள். 2013 டிசம்பரில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பேருந்தில் சிக்கி ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்தார். கூட்டம் கொந்தளித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்குள்ள சிலருக்கு அவர்களே ‘வடக்கத்திக்காரர்கள்’.

‘உள்ளூர்க்காரருக்கு 75 சதவீதம்’ என்று சட்டம் போடலாமே என்பீர்கள். ஹரியானா போட்டது, 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும் வசிக்கவும் குடிமக்களுக்கு உரிமை தரும் அரசியல் சட்டப் பிரிவு 19, திருப்பூரில் ஒடிசாக்காரருக்கும் மும்பையில் தமிழருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். அதைத் தளர்த்தினால் முதலில் அடிபடுகிறவர்களில் நாமும் இருப்போம். ஆனால் நிலத்தையும் ஆற்றையும் விட்டுக்கொடுத்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வேலை என்பது வேறு கணக்கு. அது கொடுத்ததற்கு ஈடு. காட்டுப்பள்ளி குப்பத்து மக்கள் நிரந்தர வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியது அந்த உரிமையில்தான். அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பூர்வகுடி என்று பேசும்போது ஒரு வேண்டுகோள். எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள் உங்களுக்கும் மூத்த குடிகள். ஆறு செத்தபோது அவர்களுக்குக் கரையேறப் படகுகூட இல்லை. உங்கள் மனுக்களில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும்.

நீங்கள் பார்த்த வீடியோ பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ரயில் நிலையங்களில் பீதியோடு கூட்டம் திரண்டது. பீகார் அரசு விசாரிக்கக் குழு அனுப்பியது. எங்கோ நடந்த அடிதடிகளை இங்கே நடந்ததாக ஒட்டியிருந்தார்கள். அங்கே நம்மைக் காட்டிப் பயமுறுத்தியதுபோல, இங்கே அவர்களைக் காட்டிப் பயமுறுத்துவதற்கும் ஆள் உண்டு.

இனி, செய்ய வேண்டியது. காட்டில் வாழ்வோருக்கு 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. கடலோர மீனவருக்கு அதற்கு இணையான சட்டம் இன்றுவரை இல்லை. உங்கள் பலவீனத்தின் வேர் அங்கே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எந்த ஊர் எங்கே வலை போடலாம் என்று உங்கள் பஞ்சாயத்துகள் வாய்மொழியாகக் காத்த ஒழுங்கு எந்த அரசு ஏட்டிலும் ஏறவில்லை. ஏட்டில் இல்லாததால்தான் அதிகாரி கண்ணுக்கு அது ‘காலி இடம்’ ஆனது.

கையில் இருப்பது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. மீனவர் குடியிருப்பு, படகு நிறுத்தும் இடம், மீன் உலர்த்தும் களம், மீன்பிடிப் பகுதி எல்லாம் கரையோர மேலாண்மை வரைபடத்தில் காட்டப்பட வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொன்னது. உங்கள் குப்பத்துக்கான தாளை வாங்கிப் பஞ்சாயத்தில் விரித்துப் பாருங்கள். ஆறு ஆறாகவே காட்டப்பட்டிருக்கிறதா, களம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். விடுபட்டதை எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்து, மின் நிலையத்திலும் தொழிற்சாலைகளிலும் யார் யார் ஒப்பந்தக்காரர், எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள், என்ன கூலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிவில் உள்ள எண்ணிக்கையும் காலையில் நீங்கள் எண்ணும் வண்டிகளும் ஒத்துப்போகாவிட்டால், அந்தக் காகிதம் உங்களுக்கும் கொட்டகையில் இருப்பவருக்கும் ஒருசேர உதவும்.

புதிய ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தால், கோஷத்தோடு நின்றுவிடாதீர்கள். முன்னதாகவே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவைக் கேட்டு வாங்கி, உள்ளூர் வேலைவாய்ப்பு பற்றி அதில் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று படியுங்கள். ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு எத்தனை இடம், எந்தத் தேதிக்குள், நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, அந்தக் கூட்டத்தில் எழுப்பப்பட்ட கேள்விகளுக்கு இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.