உள்ளங்காலைக் கீறுவது ஏன்?

கேள்வி: மாமனாருக்கு மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. விழுந்ததோ வலது கையும் காலும். டாக்டர் அவர் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தாரே, எதற்கு?

பதில்: மூளையிலிருந்து கைகால்களுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பிழைகளில் பத்துக்கு ஒன்பது, முகுளத்தின் அடியில் பக்கம் மாறித்தான் தண்டுவடத்தில் இறங்குகின்றன. இடப்பக்க அடைப்பு வலப்பக்கத்தைச் சாய்ப்பது அதனால்தான்.

குதிகாலிலிருந்து பாதத்தின் வெளியோரமாகக் கீறினால் கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்க வேண்டும். மூளையிலிருந்து இறங்கும் அந்த நரம்புப் பாதை பழுதானால் மேலே நிமிரும். சிலருக்கு மற்ற விரல்கள் விசிறியாக விரியும். 1896இல் பாரிஸ் மருத்துவர் பாபின்ஸ்கி எழுதிவைத்த சோதனை இது. காசு செலவில்லாத இப்படியொரு சோதனை மருத்துவத்தில் அபூர்வம்! கைக்குழந்தைக்கு விரல் நிமிர்ந்தால் பயப்படாதீர்கள், பாதை இன்னும் முதிரவில்லை, அவ்வளவுதான்.

மாமனாருக்கு பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.