பெட்டியில் உள்ள எண்ணும் ரேமின் வேகமும்

கணிப்பொறிக்கு ரேம் வாங்கச் சென்றால், பெட்டியில் 3200, 6000 என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைக் காணலாம். எண் பெரிதானால் விளையாட்டும் திரைப்படமும் தடையின்றி ஓடும் என்று நம்பிப் பெற்றோர் கூடுதல் பணம் கொடுத்துவிடுகின்றனர். தோழியரே, அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது?

ரேம் என்பது தற்காலிக நினைவகம். இன்றைய ரேமின் அடிப்படை அமைப்புக்கு 1968ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட் காப்புரிமை பெற்றார். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு பிட்டைத் தாங்குகின்றன. எவ்வளவு எளிய அமைப்பு!

3200 என்றால் நொடிக்கு 320 கோடி முறை தரவு கைமாறுகிறது என்று பொருள். ஒரு துடிப்புக்கு இருமுறை கைமாறுவதால், துடிப்புகள் நொடிக்கு 160 கோடி. ஒரு துடிப்பின் நேரம் 0.625 நானோநொடி. ஆனால் கேட்டவுடன் தரவு வந்துவிடாது. டி.டி.ஆர்.4 வகை 3200 ரேம் 16 துடிப்புகள் காக்கவைத்தால், காத்திருப்பு 10 நானோநொடி. டி.டி.ஆர்.5 வகை 6000 ரேமில் துடிப்பு நேரம் ஏறத்தாழ 0.333 நானோநொடி, அது 30 துடிப்புகள் காக்கவைத்தால் பெருக்கிப் பாருங்கள். அதுவும் 10 நானோநொடியே! எண் இருமடங்கை நெருங்கியும் முதல் சொட்டு விழும் நேரம் மாறவில்லை. அதன்பின் கொட்டும் அளவுதான் பெருகியிருக்கிறது.

இணையத்தில் 1080 வரித் திரைப்படம் பார்க்க நொடிக்கு 1 மெகாபைட் பெரும்பாலும் போதும். 3200 ரேம் ஒன்றோ நொடிக்கு 25,600 மெகாபைட் வரை தர வல்லது. தெருக்குழாயில் நூல்போல் வரும் நீருக்கு அண்டாவின் வாய் அகலமாக இருந்து என்ன பயன்?

விளையாட்டின் கதை வேறு. தனி வரைகலை அட்டை உள்ள கணிப்பொறியில் அட்டைக்கே சொந்த நினைவகம் உண்டு. ஆகவே வேகமான ரேமால் கிடைக்கும் பயன் பெரும்பாலும் சிறிதே. தனி அட்டை இல்லாத கணிப்பொறியோ படம் வரையவும் ரேமையே கடன் கேட்கிறது. அங்கே வேகம் கண்ணுக்குத் தெரியும். இரு வழிகள் உள்ள கணிப்பொறியில் 16 ஜி.பி. ரேம் ஒன்றைவிட 8 ஜி.பி. ரேம் இரண்டு போட்டால் தரவு செல்லும் பாதை இருமடங்காகும். இதை ஏனோ பலரும் சொல்வதில்லை.

ரேமின் அளவே போதாவிட்டால் கணிப்பொறி வட்டை நாடும். வேகமான எஸ்.எஸ்.டி.யிலும் காத்திருப்பு மைக்ரோநொடிகளில்தான்; எனவே முதலில் அளவு, பிறகே வேகம்.

6000 என்று வாங்கியதும் பயாஸ் அமைப்பில் மாற்றாதவரை 4800 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடக்கூடும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்தால், ஓடும் வேகமும் எத்தனை இடங்களில் ரேம் உள்ளது என்பதும் தெரியும்.