துண்டு விழும் கணக்கு

அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழுந்ததென்று ஆண்டுதோறும் பத்திரிகைகளிற் படிக்கின்றோம். விழுந்த துண்டு எவ்வளவு என வினவின், ஒருவர் ஒரு தொகையும், மற்றொருவர் அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட தொகையும் கூறுவர். இருவரும் பொய்யரல்லர். எதனின்று எதனைக் கழித்தனர் என்பதிலேதான் வேறுபாடு.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையேயுள்ள சிற்றூரொன்றில் மணிலாப் பயிரிடும் உழவர் ஒருவரைக் கொள்வோம். மண்டியில் அவர் பெற்ற விலை 80,000 ரூபாய். குடும்பச் செலவும், பழைய கடனுக்குரிய வட்டி 10,000 ரூபாயும் சேர்ந்து 1,00,000 ரூபாய். கிணற்றை ஆழப்படுத்த மேலும் 30,000 ரூபாய். குறைந்த 50,000 ரூபாயைக் கடன் வாங்கினார். இக்கடனையும் வரவிலே எழுதிவிட்டால் வரவு 1,30,000, செலவும் அதுவே, துண்டு என்பதே இல்லை! கடனை வரவென்று கொள்ளும் கணக்கு எக்காலத்தும் சரியாகவே நிற்கும். ஆதலின் பொருளாதார நூலார் கடனை நீக்கியே கணக்கிடுவர். அன்றாட வரவினும் அன்றாடச் செலவு மிக்க தொகை 20,000. இது வருவாய்ப் பற்றாக்குறை. கிணற்றுச் செலவையும் கூட்டினால் 50,000. இது நிதிப் பற்றாக்குறை. இதனின்று வட்டியைத் தள்ளினால் 40,000. இது முதன்மைப் பற்றாக்குறை. முந்திய ஆண்டுகளின் சுமையை ஒதுக்கி, இவ்வாண்டின் நடத்தையை மட்டும் காட்டுவது அது.

இனித் தமிழ்நாட்டுக் கணக்கிற்கு வருவோம். 2025 மார்ச்சு 14ஆம் நாள் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட 2025-26ஆம் ஆண்டு மதிப்பீட்டில், வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. கழித்தால் 41,635 கோடி. மூலதனச் செலவையும், அரசு பிறர்க்கு வழங்கும் நிகரக் கடனையும் கூட்ட, நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடியாகும். பெரிய எண்ணைக் கண்டு மருள்வோர் பலர். எனக்கோ சிறிய எண்ணே கவலை தருகின்றது. கிணற்றிற்கு வாங்கிய கடன் நாளை நீர் தரும். சோற்றிற்கு வாங்கிய கடன் அன்றே செரித்துப் போம்.

செலவுப் பத்தியை மட்டும் நோக்குதலும் போதாது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரிற் பிறந்த இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராய் (முதலமைச்சருக்கு அந்நாளில் அதுவே பெயர்) இருந்த காலத்தே, 1948 அக்டோபர் 2ஆம் நாள் மதுவிலக்கு மாகாண முழுவதும் பரவிற்று. கள், சாராய வருவாய் ஒழிந்தது. ஒரு காசும் புதிதாய்ச் செலவழியாமலே துண்டு விழத்தக்க இடம் இது. இராஜாஜி இதனை முன்னரே உணர்ந்தவர். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய அவரே, 1939இல் விற்பனை வரியைக் கொணர்ந்தார். கள்ளுக்கடையில் விட்டதை ஏனைய கடைகளிற் பெற முயன்றார் எனலாம்.

2023-24ஆம் ஆண்டில் மது விற்பனையால் தமிழ்நாட்டரசு பெற்ற வருவாய் ஏறத்தாழ 45,855 கோடி ரூபாய். மேற்காட்டிய 2025-26ஆம் ஆண்டு வரவினின்று இத்துணைத் தொகையை நீக்கி, மாணவர் மீண்டும் கழித்துப் பார்க்க: வருவாயில் விழும் துண்டு 87,490 கோடி.