கூலி உயர்வும் கூட்டுப் பேரமும்

சங்ககிரிக்கு வருவோர் கண்ணிற்கு மலைமீதுள்ள கோட்டையே முதலில் தோன்றும். எனினும் இவ்வூரார் பலரின் பிழைப்பிற்கு ஆதாரமாவன லாரித் தொழிலும் சிமெண்டுத் தொழிலுமாம். இங்குள்ள சிமெண்டு ஆலை 1963-இல் தொடங்கிற்று. அதற்கு முன்னரே, 1958-இல், மத்திய சர்க்கார் சிமெண்டுத் தொழில் முழுமைக்கும் ஒரு சம்பளக் குழுவை அமைத்தனர். ஆலைதோறும் தனித்தனியே பேசாது, தொழில் முழுமைக்கும் ஒருங்கே கூலியை வரையறுக்கும் முறை நமக்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும். அவ்வாறு பேசுங்கால் கூலி உயர்வின் அளவை நிருணயிப்பன யாவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நியாயக் கூலியைப் பற்றி ஆராய 1948-இல் அமைந்த குழு இரண்டு எல்லைகளைக் காட்டிற்று. கீழெல்லை குறைந்தபட்சக் கூலி. மேலெல்லை தொழிலின் கொடுக்குந் திறன். இவ்விரண்டிற்கும் இடையே எங்கு நிற்பது என்பதே பேரம். தொழில் முழுமைக்கும் பேசும்பொழுது, நலிந்த ஆலையின் நிலைமையைக் காட்டிச் செழித்த ஆலையினரும் உயர்வை மட்டுப்படுத்த முயல்வர். ஆயினும் ஒரு நன்மை உண்டு: கூலியைக் குறைத்துப் போட்டியிடும் வழி அடைபடுகின்றது.

சங்ககிரியிலிருந்து கோயமுத்தூர் செல்லும் ரயில் பாதையிலுள்ள திருப்பூரை நோக்குவோம். அங்கே பின்னலாடை முதலாளிகளின் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் 2021-இல் நான்காண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. நூற்றுக்கு 32 உயர்வு. முதலாண்டில் 19, பின்னர் முறையே 5, 4, 4. கடந்த ஆண்டுகளில் விலைவாசி அரித்த கூலியை முதலில் ஈடு செய்வதே முதலாண்டின் பெருந்தொகைக்குக் காரணம் எனக் கொள்ளல் தகும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 100 ரூபாய்க் கூலி 132 ஆகும்பொழுது, 100 ரூபாய்ப் பண்டம் 125 ஆகிவிடின், மெய்யான உயர்வு நூற்றுக்கு 6-ஐயும் எட்டாது. 1984-இல் திருப்பூர்த் தொழிலாளர் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்ததன் பொருள் இதனால் புலப்படும். விலைவாசி காரணத்தைத் தரும். தொழிலின் திறன் எல்லையை இடும். சங்கத்தின் ஒற்றுமையே அவ்விரண்டையும் கூலியாக மாற்றும்.

எனினும் ஒப்பந்தம் கையெழுத்தானதும் கூலி உயர்ந்துவிட்டது என்று எண்ணற்க. சிறு பட்டறைகளில் உருப்படிக் கணக்கில் உழைப்போருக்கும், காண்டிராக்டர் வழியாக வருவோருக்கும் அது எட்டாதொழிதல் உண்டு. அவர்களுட் பலர்க்குச் சங்கமும் இல்லை. சம்பளச் சீட்டும் இல்லை.

நம் மாணவருள் சிலர் நாளை ஆலை நிர்வாகிகளாவர்; சிலர் தொழிலாளர் பக்கம் நிற்பர். எப்பக்கம் நிற்பினும், கூலி ஒப்பந்தம் ஒன்றைக் காணும்பொழுது இரண்டு வினாக்களை எழுப்புவாராக: விலைவாசிக்கு மேல் எவ்வளவு? அஃது எத்தனை பேர் கைக்கு எட்டும்?