ஒரே புல், இரண்டு பாடங்கள்

எட்டாம் வகுப்பில் காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "கால்நடை மேய்ச்சல் புல்வெளியை அழிக்கிறது" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசை மாணவன் எழுந்தான்.

"எங்க தாத்தா காலத்துல இருந்தே மாடு மேய்க்கறோமுங்க சார். அப்ப நாங்கதான் அழிச்சோமுங்களா?"

என்னிடம் பதில் இல்லை. காங்கயம் பகுதியில் பணிபுரியும் நான், பள்ளிக்கு அருகிலேயே இருக்கும் கொரங்காட்டை மறந்துவிட்டு அந்த வரியை எழுதியிருந்தேன்.

திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் உள்ள மேய்ச்சல் நிலமே கொரங்காடு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடுகள் வளர்ந்த நிலம் இது.

அடுத்த வாரம் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். அந்த மாணவனின் தாத்தாதான் அன்று எங்கள் ஆசிரியர். நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து மாடுகளை மாற்றி மாற்றி விடுவதையும், மேய்ந்த பகுதிக்கு ஓய்வு கொடுப்பதையும் அவர் விளக்கினார்.

நான்கு முளைகளும் கயிறும் கொண்டு ஒரு சதுர மீட்டர் கட்டம் அமைத்தோம். ஓய்வு பெற்ற பகுதியில் ஒன்று. ஓய்வே இல்லாமல் ஆடு மாடுகள் மேய்ந்த பொது நிலத்தில் ஒன்று. முதல் கட்டத்தில் புற்கள், பூச்சிகள், சாணத்தை உருட்டும் வண்டு எனப் பட்டியல் நீண்டது. இரண்டாவதில் பெரும்பாலும் வெறும் மண். மாடுகளின் காலடியில் கிளம்பும் பூச்சிகளை உண்ணிக்கொக்குகள் கொத்துவதையும் பார்த்தோம். உயரமான புல் கௌதாரிக்கு மறைவிடம். ஆள்காட்டிக் குருவிக்கோ திறந்த தரைதான் முட்டையிட ஏற்றது. அளவான மேய்ச்சலில் இரண்டுக்கும் இடம் கிடைக்கிறது.

"அப்ப கொழுக்கட்டைப் புல்லை எல்லா ஊர்லயும் நடலாமுங்களா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்புக்குத் திரும்பியதும் உலக வரைபடத்தை விரித்தேன்.

அமெரிக்காவின் அரிசோனாவில் 1930களில் கால்நடைத் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் இதே புல்லைக் கொண்டுவந்தார்கள். அங்குள்ள சோனோரன் பாலைவனத்தில் செடிகள் இடைவெளி விட்டு வளர்பவை. அதனால் தீ எளிதில் பரவாது. இந்தப் புல் அந்த இடைவெளிகளை நிரப்பியது. காய்ந்ததும் எரிந்தது. தீயைத் தாங்காத சாகுவாரோ கள்ளிகள் மடிய, புல் மட்டும் அடித்தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. மரங்கொத்திகளும் சிறு ஆந்தைகளும் கூடமைப்பது அந்தக் கள்ளிகளில்தான். இன்று சாகுவாரோ தேசியப் பூங்காவில் தன்னார்வலர்கள் இந்தப் புல்லைத் தோண்டி எடுக்கிறார்கள்.

கரும்பலகை வரியை மாணவர்களே திருத்தினார்கள்: "எந்த நிலம், எந்தப் புல், எத்தனை மாடு, எவ்வளவு ஓய்வு என்பதைப் பொறுத்தே மேய்ச்சல் நன்மையோ தீமையோ செய்யும்."

ஆசிரிய நண்பர்களே, உங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்திலும் இந்தக் கயிற்றுக் கட்டத்தை அமைத்துப் பாருங்கள். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை அதே இடத்தில் எண்ணச் சொல்லுங்கள். ஆடு மாடு மேய்க்கும் வீட்டுக் குழந்தையை முதலில் பேச விடுங்கள். எங்கள் வகுப்பில் அந்த மாணவன் இப்போது முன்வரிசையில் அமர்கிறான்.