அடித்தால் அடங்காது இந்தப் பதற்றம்

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது. இரண்டு வயதில் தத்தெடுத்தோம். பெற்ற தாய்க்குக் கர்ப்பகாலத்தில் குடிப்பழக்கம் இருந்தது என்று காப்பகத்தில் கொடுத்த ஃபைலில் எழுதியிருந்தது. பாசமான பிள்ளை. ஆனால் ஸ்கூல் வேன் வழக்கமான வழியை விட்டு வேறு வழியில் போனால்கூட அழுது கத்துகிறான். அடங்க ஒரு மணி நேரம் ஆகிறது. இரவு பதினொரு மணி வரை தூங்குவதில்லை. வயிற்றில் இருக்கும்போதே மது பட்டால் குழந்தையின் ஹார்மோன் கெட்டுவிடும் என்று படித்தேன். உண்மையா? கார்டிசோல் டெஸ்ட் எடுக்கலாமா? "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்கிறார் என் மாமியார். நான் என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் உங்கள் மாமியாருக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அடிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பிடிவாதமாகத் தெரியவில்லை. பதற்றம் ஒருமுறை ஏறிவிட்டால் அவன் உடம்பு சீக்கிரம் இறங்க மாட்டேன் என்கிறது. அப்போது விழுகிற ஒவ்வொரு அடியும் அந்தப் பதற்றத்தை இன்னும் கூட்டும்.

நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் "கெட்டுவிடும்" என்பதைவிட "அளவு மாறிவிடும்" என்பதே சரி. நாம் பயப்படும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரிக்கு ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு இன்னொரு ஹார்மோனை அனுப்புகிறது. அட்ரீனல் கார்டிசோலைச் சுரக்கிறது. கார்டிசோல் ரத்தத்தில் கூடியதும் அதுவே மூளைக்குப் போய் "போதும்" என்று சொல்லிச் சுரப்பை நிறுத்துகிறது. மொட்டை மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் மாதிரி இது. வயிற்றில் இருக்கும்போது மது பட்ட பிள்ளைகள் பலருக்கு மோட்டார் சட்டென்று ஓடத் தொடங்குகிறது, நிற்கத்தான் தாமதமாகிறது.

கருவுக்கு இது எப்படி நேர்கிறது? தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் கடந்துபோகிறது. சிசுவின் ஈரலுக்கு அதைச் சிதைக்கும் திறன் மிகக் குறைவு. பனிக்குட நீரிலும் மது கலந்து தங்குகிறது. அதனால் தாயின் போதை தெளிந்த பிறகும் குழந்தை அதிலேயே கிடக்கிறது. மது தாயின் கார்டிசோலையும் கூட்டும். மூளையின் அந்த சுவிட்ச் உருவாகிக்கொண்டிருக்கும் மாதங்களிலேயே இவ்வளவும் நடக்கிறது.

கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜோவான் வைன்பெர்க் பல ஆண்டுகளாக எலிகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். கர்ப்பத்தில் மது கொடுக்கப்பட்ட எலிகளின் குட்டிகள் சும்மா இருக்கும்போது மற்றக் குட்டிகளைப் போலத்தான் இருக்கும். ஒரு மிரட்சி வந்தால்தான் வித்தியாசம் தெரியும். அவற்றுக்கு ஹார்மோன் அதிகமாக ஏறும், மெதுவாக இறங்கும். மனிதக் குழந்தைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் வெளியான ஒரு ஆய்வில், ஐந்து முதல் ஏழு மாதக் குழந்தைகளிடம் கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்த தாய்மாரைத் திடீரென முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் இருக்கச் சொன்னார்கள். எந்தக் குழந்தையும் இதற்குக் கலங்கும். சிணுங்கும், கையை நீட்டும், பிறகு அழும். ஆனால் கர்ப்பகாலத்தில் தாய் அதிகமாகக் குடித்திருந்த குழந்தைகளின் எச்சிலில் கார்டிசோல் கூடுதலாக ஏறியிருந்தது. உங்கள் மகனுக்கு அந்த வேன் மாற்றுப்பாதை, முகம் மாறிப்போன அம்மாவைப் பார்ப்பதற்குச் சமம்.

தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. கார்டிசோல் காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் உச்சத்துக்குப் போய், நாள் முழுக்க இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரவேண்டும். கருவில் மது பட்ட பிள்ளைகளுக்கு மாலையிலும் படுக்கப்போகும் நேரத்திலும் அது கூடுதலாக இருந்ததைக் கனடாவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறந்த பிறகு படும் துன்பங்களும் இதே ஹார்மோன் ஓட்டத்தைத்தான் கலைக்கின்றன. உங்களிடம் வருவதற்கு முன்னால் இருந்த அந்த இரண்டு வருடங்களின் பங்கு எவ்வளவு, மதுவின் பங்கு எவ்வளவு என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை, இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

கார்டிசோல் டெஸ்ட் வேண்டாம். நேரத்துக்கு நேரம் மாறும் ஹார்மோனை ஒரு தடவை அளந்து எதுவும் தெரியப்போவதில்லை. ஊசியைப் பார்த்த பயத்திலேயே அது ஏறிவிடும். கருவில் மது பட்டதால் வந்த பாதிப்பை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. சிறிய கண் பிளவு, மூக்குக்குக் கீழே பள்ளமில்லாத மேலுதடு, உதடு மெல்லியதாக இருப்பது ஆகிய மூன்றும் முகத்தில் தெரியும் அடையாளங்கள். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் இந்தப் பாதிப்புக்குப் பெயர் சூட்டியபோதே முகத்தில் தெரியும் அடையாளங்களைக் குறித்திருந்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட பெரும்பாலான பிள்ளைகளுக்கு முகம் சாதாரணமாகவே இருக்கும். முகம் நன்றாயிருக்கிறது என்பதால் மூளை தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

எடுக்க வேண்டியவை வேறு. உயரம், எடை, காது, கண் ஆகியவற்றைப் பாருங்கள். தைராய்டு ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை. வளர்ச்சி ஹார்மோனும் இன்சுலினும் தடுமாறுவதை விலங்கு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே வளர்ச்சி வரைபடத்தை வருடம் தவறாமல் குறித்துவையுங்கள், இனிப்பிலும் எடையிலும் ஒரு கண் இருக்கட்டும்.

மருந்து பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் திபக் சர்க்கார் குழுவினர், பதற்றத்தைத் தணிக்கும் பீட்டா எண்டார்ஃபினுக்கான மரபணுவின் மேல் மது மெத்தில் என்னும் வேதிக்குறிகளை ஒட்டி அதை மந்தமாக்குவதை எலிகளிடம் கண்டார்கள். கர்ப்பகாலத்திலேயே தாய் எலிகளுக்குக் கோலின் என்ற சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பாதிப்பு பெருமளவு குறைந்தது. சிறு குழந்தைகளுக்குக் கோலின் கொடுத்துப் பார்த்த சோதனைகளும் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்திருக்கின்றன. உடம்பில் மீன் வாடை வந்ததுதான் அதன் பக்கவிளைவு. நம்பிக்கை தரும் விஷயம்தான், ஆனால் இன்னும் ஆராய்ச்சி நிலையில் இருக்கிறது. கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். வீட்டில் முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தினம் ஒன்று கொடுங்கள்; ஒரு முட்டையில் சுமார் 150 மில்லிகிராம் கோலின் இருக்கிறது.

உண்மையான வைத்தியம் வீட்டில்தான் இருக்கிறது. சாப்பாடு, குளியல், படுக்கை மூன்றும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடக்கட்டும். மாற்றம் வருமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வேன் டிரைவரிடம் நம்பர் கொடுத்து, வழி மாறுகிற நாளில் காலையிலேயே ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். பையனை உட்காரவைத்து, எந்தத் தெரு வழியாகப் போகப்போகிறான் என்று பேப்பரில் கோடு போட்டுக் காட்டுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவியும் செல்போனும் ஓயட்டும். அவன் கத்தும்போது புத்தி சொல்லாதீர்கள், அந்த நேரத்தில் எதுவும் உள்ளே போகாது. குரலைத் தாழ்த்திப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இதெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. பிறந்ததிலிருந்து தினமும் சிறிது நேரம் கையில் எடுக்கப்பட்ட எலிக்குட்டிகளுக்கு மதுவால் வந்த சில பாதிப்புகள் குறைந்ததையும் வைன்பெர்க்கே பதிவு செய்திருக்கிறார்.

அவனைப் பெற்றவளைப் பற்றி வீட்டில் யாரும் கடுமையாகப் பேசவிடாதீர்கள். குடி அவளுக்கு நோய். நாளைக்கு இவன் அந்த ஃபைலைப் படிப்பான்.

2004-ல் சியாட்டிலின் ஆன் ஸ்ட்ரெய்ஸ்கத் குழுவினர் கருவில் மது பட்டுப் பாதிக்கப்பட்ட 415 பேரை ஆராய்ந்து ஓர் உண்மையைச் சொன்னார்கள். சீக்கிரம் கண்டறியப்பட்டு, நிலையான நல்ல வீட்டில் வளர்ந்தவர்கள் படிப்பு பாதியில் நிற்பது, போலீஸ் வழக்கு, போதைப் பழக்கம் போன்றவற்றிலிருந்து தப்பும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். நல்ல வீட்டை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். இனி செய்ய வேண்டியது கண்டறிவது. அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் வளர்ச்சிப் பரிசோதனை இலவசம். காப்பக ஃபைலையும் எடுத்துக்கொண்டு இந்த மாதமே அவனை அங்கே அழைத்துப் போங்கள்.